களப்பயிற்சிக்குச் சான்றிதழ் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளநிலை உளவியல் மாணவர்களின் களப்பயிற்சி குறித்து, அவர்களுக்குப் பாடம் நடத்துபவன் என்ற முறையில் சில கருத்துகளைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன்.

1879-இல் ஜெர்மானிய உளவியலாளர் வில்ஹெல்ம் வுண்ட் லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வகம் நிறுவியதை மாணவர்கள் முதல் பருவத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அவரிடம் பயின்ற லைட்னர் விட்மர் 1896-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதல் உளவியல் சிகிச்சையகத்தைத் தொடங்கக் காரணமாக இருந்தவன், எழுத்துக்கூட்டத் திணறிய ஒரு பள்ளிச் சிறுவன் என்பதும், அவனை அழைத்து வந்தவர் ஓர் ஆசிரியை என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சிகிச்சை உளவியல் வகுப்பறைக் கேள்வியிலிருந்து பிறக்கவில்லை. ஒருவர் கொண்டுவந்த நடைமுறைச் சிக்கலிலிருந்து பிறந்தது. அத்துறையில் பட்டம் பெறுகிறவர்கள் நூலகத்தைத் தாண்டாமலேயே வெளியேறுவது முறையா?

களத்துக்குப் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். சிறப்புப் பள்ளியில் அமர்ந்து கவனிக்கும் மாணவி ஒருவர், "குழந்தை பிடிவாதம் செய்தான்" என்று குறிப்பேட்டில் எழுதுகிறார். மேற்பார்வையாளர் அதை அடித்துவிட்டு, கண்ணால் கண்டதை மட்டும் எழுதச் சொல்கிறார். மணி அடித்தது, சிறுவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டான், மேசைக்கடியில் புகுந்தான், ஓசை அடங்கியதும் தானாகவே வெளியே வந்தான் என்று வரிசையாக எழுதிய பிறகுதான், தான் பிடிவாதம் என்றது ஓசையைத் தாங்க முடியாத தவிப்பாக இருக்கக்கூடும் என்று அந்த மாணவிக்குத் தோன்றுகிறது. நடத்தைக்கு முன் நடந்தது, நடத்தை, பின் விளைந்தது எனப் பிரித்துப் பார்க்கும் முறையை அவர் முன்பே தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார். ஆனால் அன்றுதான் அதைக் கற்கிறார்.

அந்தக் கற்றலுக்குக் காரணம் பள்ளியின் வாசல் மட்டுமன்று, குறிப்பேட்டைத் திருத்திய மேற்பார்வையாளரும்தான். இன்று குறைவது இதுவே. கட்டணம் வாங்கிக்கொண்டு, சில நாள் இணையவழி உரைகளுக்குப் பின் "இன்டர்ன்ஷிப்" சான்றிதழ் அனுப்பிவைக்கும் அமைப்புகள் பெருகிவிட்டன. கோப்பில் தாள் சேர்ந்தால் போதும் என்று கல்லூரிகளும் இருந்துவிடுகின்றன. இதைவிட மோசமானது, ஆள் பற்றாக்குறையைக் காட்டி இரண்டாமாண்டு மாணவரை மனம் உடைந்து வந்தவர் முன் தனியே உட்காரவைத்து ஆலோசனை வழங்கச் சொல்வது. சிகிச்சை அளிப்பவர் பயிற்சியில் இருப்பவர் என்பதையும், பொறுப்பேற்கும் மேற்பார்வையாளரின் பெயரையும் வந்தவரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை. சிகிச்சைப் பயிற்சி பெறும் நிலையில் இருப்பவருக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், இளநிலை மாணவருக்கு அந்த நாற்காலியில் என்ன வேலை? கவனிப்பது, குறிப்பெடுப்பது, குழு நிகழ்ச்சிகளில் உதவுவது, ஆய்வுக்குத் தரவு திரட்டுவது ஆகியவை அவருக்குப் போதும். கேட்டவற்றை நண்பர்களிடமோ சமூக வலைத்தளத்திலோ சொல்லாதிருப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

மருத்துவமனைதான் களம் என்ற எண்ணமும் மாற வேண்டும். முதியோர் இல்லம், போதை மறுவாழ்வு மையம், நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு, ஆய்வகம் எல்லாமே உளவியலின் களங்கள்தாம். இந்த வேலை தனக்கு ஒத்துவராது என்று ஒரு மாணவர் அங்கே உணர்ந்து வேறு பாதைக்குத் திரும்பினால் அதையும் நான் ஆதாயமாகவே கருதுவேன். முதுநிலைப் படிப்பையும் முடித்துவிட்டு அதை உணர்வது பெரிய நட்டம்.

ஆகவே, பயிற்சி தரும் நிறுவனத்தோடு கல்லூரிகள் எழுத்து வடிவில் உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். வாரந்தோறும் மாணவரின் குறிப்பேட்டை வைத்து மேற்பார்வையாளர் கலந்துரையாடுவது அதில் கட்டாயமாக இடம்பெற வேண்டும். மேற்பார்வையாளரின் பெயர், தகுதி, மாணவர் செய்த பணிகளின் விவரம் ஆகியவை இல்லாத சான்றிதழுக்கு மதிப்பெண் வழங்குவதைப் பல்கலைக்கழகங்கள் வரும் கல்வியாண்டிலிருந்தே நிறுத்த வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உளவியல் விரிவுரையாளர் ஒருவர்