பட்டுப்போன கன்றை ஏன் கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

முந்திரி ஒட்டுக் கன்று வாங்கிப் போனவர்கள், "நாலு பட்டுப்போச்சு, வேற நாலு குடுங்க" என்று வரும்போது, "பட்டுப்போனதை வேரோடு எடுத்துட்டு வாங்க" என்கிறோம். கன்று மாற்றித் தரத் தயங்குகிறோமோ என்று சிலருக்கு மனவருத்தம். அதற்காகத்தான் இந்த மடல்.

ஏன் போனது என்று பார்க்காமல் அதே குழியில் இன்னொன்றை வைத்தால் அதுவும் போகும். வேரைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும்.

வேர் கறுத்து, விரலால் உருவும்போது தோல் கழன்று வந்தால், குழியில் தண்ணீர் நின்றிருக்கிறது. நம் பக்கத்துக் கொல்லைகள் சிலவற்றில் மேலே செம்மண் இருக்கும், கொஞ்சம் தோண்டினால் களி வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் குழி தொட்டி மாதிரி நிரம்பி நிற்கும். முந்திரி வறட்சியைத் தாங்கும், தேங்கிய நீரைத் தாங்காது. அந்த இடத்தில் உரத்துக்கும் மருந்துக்கும் செலவு செய்யாதீர்கள். மண்ணை உயர்த்தி மேட்டில் வையுங்கள், நீர் வடிய ஒரு வாய்க்கால் இழுத்துவிடுங்கள்.

தூரில் பட்டை அரிக்கப்பட்டு மண் அப்பியிருந்தால் கரையான். ஆணிவேர் பைக்குள்ளேயே சுருண்டிருந்தால் அது கன்றின் குறை. அதற்கு நாங்கள் பொறுப்பு, மாற்றுக் கன்று தருவோம்.

அதிகம் ஏமாற்றுவது வேறொன்று. கன்றின் மேல்பகுதி காய்ந்துவிடும். அப்புறம் கீழிருந்து தளதளவென்று துளிர் வரும். பிழைத்துக்கொண்டது என்று சந்தோஷமாக விட்டுவிடுகிறார்கள். ஒட்டுக் கட்டிய தழும்புக்குக் கீழே வருவது கொட்டை போட்டு முளைத்த வேர்ச்செடியின் துளிர். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 ரகம் என்று நீங்கள் கேட்டு வாங்கியது தழும்புக்கு மேலே இருந்த பகுதி. அது போய்விட்டது. உயிரோடு இருக்கும் கன்றிலும் தழும்புக்குக் கீழே துளிர் கண்டால் உடனே கிள்ளிவிடுங்கள்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி 'தானே' புயலில் முந்திரியும் பலாவும் காடு காடாகச் சாய்ந்ததை நம் மாவட்டம் பார்த்திருக்கிறது. ஒட்டுக் கன்றே காய்ப்புக்கு வர மூன்று வருடம் போல ஆகும். ஒவ்வொரு முறை கன்று போகும்போதும் காசைவிடக் காலம்தான் பெரிய நஷ்டம். அந்த நஷ்டம் உங்களுக்கு இரண்டாவது தடவை வரக் கூடாது என்றுதான் இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

பிடுங்காமல், சுற்றிலும் மண்வெட்டி போட்டு மண்ணோடு பெயர்த்து ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவாருங்கள். குழியின் அடிமண் ஒரு கைப்பிடி தனியாக எடுத்து வந்தால் இன்னும் நல்லது. ரசீது தொலைந்திருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் நாற்றுப் பண்ணை,
பண்ருட்டி, கடலூர் மாவட்டம்