வாரண்டிக்கு மட்டும் செக்போஸ்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒயர் இல்லாத கருவிகள் தச்சு வேலையை எப்படி மாற்றிவிட்டன என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படத்தில் இருந்த பையன் சாரத்தில் நின்றபடி ஒற்றைக் கையால் ஸ்க்ரூ முடுக்குகிறான். கட்டுரையில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது கருவியை வாங்கிய நாளோடு முடிந்துவிட்டது. எனக்குக் கதை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

எனக்குச் செங்கோட்டை. முப்பது வருஷமாகத் தச்சு வேலை. புளியரை தாண்டி மலை ஏறினால் கேரளம். என் வேலையில் பாதி அந்தப் பக்கம்தான், ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று. 1956-இல் மாநில எல்லையைப் பிரிக்கிற வரைக்கும் எங்கள் ஊரும் அந்தப் பக்கத்துக் கணக்கில்தான் இருந்தது. நாங்கள் அயனி என்கிற மரத்தை அங்கே ஆஞ்சிலி என்பார்கள். இரண்டு பேருக்கும் நிலையும் கதவும் அதில்தான்.

போன வருஷம் சித்திரையில் புனலூரில் ஒரு வீட்டு வேலை. பாதியில் பழைய டிரில் புகைந்து நின்றுவிட்டது. வீட்டுக்காரருக்குப் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. சரி, கரண்ட் இணைப்புக்குக் காத்திருக்க வேண்டாம், ஒயரும் இழுக்க வேண்டாம் என்று அங்கேயே ஒரு கடையில் 18 வோல்ட் செட் வாங்கினேன். ஒரு டிரில், ஸ்க்ரூ முடுக்க ஒரு இம்பாக்ட் டிரைவர், இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர். 19,000 ரூபாய்ச் சொச்சம். நல்ல பெயருள்ள கம்பெனிதான். பெயரை எழுதவில்லை, என் சண்டை ஒரு கம்பெனியோடு மட்டும் இல்லை. கருவிக்கு ஒரு வருஷம் வாரண்டி, பேட்டரிக்கு ஆறு மாதம். வாங்கும்போது இந்த வித்தியாசத்தை யார் கவனிக்கிறார்கள்?

ஆடிச் சாரலில் ஒரு பேட்டரி படுத்துவிட்டது. சார்ஜரில் போட்டால் சிவப்பும் பச்சையும் மாறி மாறிக் கண்ணடிக்கும். அப்படிக் கண்ணடித்தால் பேட்டரி பழுது என்று கூட வந்த தாளிலேயே போட்டிருக்கிறது. கடைக்காரர், "சர்வீஸ் சென்டரில் கொடுங்க அண்ணாச்சி" என்றார். எனக்குப் பக்கம் திருநெல்வேலி. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனேன். பில்லைப் பார்த்ததுமே, "இது கேரளா பில்லு. அங்கேதான் கொடுக்கணும்" என்று திருப்பி நீட்டினார்கள். வாரண்டி அட்டையில் இந்தியா முழுவதும் என்று இருப்பதைக் காட்டினேன். "இருக்கலாம், எங்க சிஸ்டத்தில் எடுக்க மாட்டேங்குதே" என்றார் அந்தத் தம்பி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சிஸ்டத்தை எழுதியவருக்கு எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது.

2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது வணிகவரிச் சோதனைச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே வரி, சரக்கு தடையில்லாமல் மலை தாண்டுகிறது. வாரண்டி மட்டும் இன்னும் சாவடியில் நிற்கிறது.

கூரியரில் அனுப்பலாம் என்று பார்த்தேன். லித்தியம் பேட்டரி என்றதும் கையால் தொடக்கூட மாட்டேன் என்றார்கள். தீப்பிடிக்கும் சரக்கு என்பது வாஸ்தவம்தான். சரி என்று கொல்லத்தில் இருக்கிற சர்வீஸ் சென்டருக்கு ரயில் ஏறினேன். 2018-இல் அகலப்பாதையாகத் திறந்த மலைப்பாதை. பதிமூன்று கண் பாலத்தை ரசிப்பதற்காகவே ஜனங்கள் அதில் போகிறார்கள். செத்த பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு போனவனுக்கு ரசிக்கத் தோன்றவில்லை. கொல்லத்தில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "ஈர்ப்பம் கேறியிருக்கு" என்றார்கள். ஈரம் இறங்கினால் வாரண்டி கிடையாதாம். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் கடை போட்டு விற்கிறீர்கள், ஈரம் இறங்கும் என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மல்லுக்கு நின்ற பிறகு வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சீட்டு கொடுத்தார்கள். அப்புறம் போன் போட்ட போதெல்லாம் ஒரே பதில்தான்: "பார்ட்ஸ் வந்நிட்டில்ல." கம்பெனியின் இலவச எண்ணில் ஒன்றை அழுத்தினால் இந்தி, இரண்டை அழுத்தினால் இங்கிலீஷ். தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை.

இந்த இடைவெளியில் பழைய ஒயர் டிரில்லைத் தென்காசியில் கொடுத்தேன். மோட்டாருக்குள் சுழல்கிற ஆர்மேச்சருக்குப் புதிதாகக் கம்பி சுற்றி மறுநாள் கையில் கொடுத்துவிட்டார்கள். அதில் நெருப்புப்பொறி பறந்தால் ஒரு ஜோடி கார்பன் பிரஷ் வாங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே மாட்டிவிடலாம். பழுது எல்லாக் கருவிக்கும் வரும். அது எங்கே, எத்தனை நாளில் சரியாகும் என்பதுதான் தொழில் செய்கிறவனுக்குக் கணக்கு. அந்தக் கணக்கில் ஒயர் இல்லாதது இன்னும் தேறவில்லை.

பேட்டரிக்குள் என்னதான் இருக்கிறது என்று எனக்கு ஒரு ஆத்திரம். வாரண்டி முடிந்துபோன நண்பர் ஒருவரின் பேட்டரியை, எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி பார்க்கிறவரிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னோம். உள்ளே 18650 என்கிற உருளை செல் பத்து. 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால்தான் அந்தப் பெயராம். இரண்டிரண்டாகச் சேர்த்து ஐந்து ஜோடி, ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து வரிசை. ஒரு செல் 3.6 வோல்ட், ஐந்து மடங்கு 18. முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2 வரை ஏறும், அப்போது ஐந்துக்கும் சேர்த்து 21. பெட்டியில் 18 என்று போட்டாலும், 20 மேக்ஸ் என்று போட்டாலும், 21 என்று போட்டாலும் உள்ளே இருப்பது அதே ஐந்து வரிசை. இது தெரியாமல் என் அக்கா மகன் பெரிய எண் என்று ஆன்லைனில் கையில் பிடித்து அறுக்கிற 48 வோல்ட் கிரைண்டர் வாங்கி வைத்திருந்தான். அதையும் திறந்தோம். ஐந்து வரிசைதான். கடைத்தெருவில் 88 என்று ஒட்டியதும் தொங்குகிறது. அதைத் திறக்க எனக்குத் தெம்பு இல்லை.

நண்பரின் பேட்டரியில் ஒரே ஒரு ஜோடிதான் செத்திருந்தது. மற்ற எட்டு செல்லும் நன்றாக இருந்தன. ஒரு ஜோடி இறங்கிப்போனால் உள்ளே இருக்கிற பாதுகாப்பு போர்டு மொத்தத்தையும் நிறுத்திவிடும். நிறுத்தத்தான் வேண்டும், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். ஆனால் கம்பெனியைக் கேட்டால் முழுப் பேட்டரியும் புதிதாக வாங்கு என்கிறார்கள், டிரில் விலையில் பாதிக்கு. அந்த ஸ்கூட்டர்க்காரர் நேர்மையானவர். புது செல்லைப் பழசோடு கலந்து வைக்க மாட்டேன், ஆபத்து என்று கை விரித்துவிட்டார். ஆகவே வாசகர்கள் யாரும் வீட்டில் சால்டரிங் இரும்பை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டாம். இதைச் செய்ய வேண்டியது கம்பெனி.

எங்கள் தப்பும் உண்டு, மறைக்கவில்லை. என்னோடு வேலை செய்கிற பையன்கள் மத்தியான வெயிலில் பேட்டரியைத் தகரக் கூரைமேல் வைப்பார்கள். கருவியிலிருந்து சூடாகக் கழற்றிய கையோடு சார்ஜில் செருகுவார்கள். வேலையில்லாத மாதத்தில் சுத்தமாகக் காலியானதை அப்படியே பெட்டியில் போட்டு மூடுவார்கள். காலியான செல் கிடக்கக் கிடக்க இன்னும் இறங்கும். ஒரு அளவுக்குக் கீழே போய்விட்டால் சார்ஜர் அதை ஏற்றுக்கொள்ளாது. இதையெல்லாம் தாளில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் போட்டால் யார் படிப்பது? விற்கிறபோது தமிழில் நாலு வார்த்தை சொல்லலாமே.

தென்காசியில் ஒரு வக்கீல் வீட்டுக்கு அலமாரி செய்தபோது இந்தப் புலம்பலைக் கேட்டு அவர் சில விஷயம் சொன்னார். 2019-இல் வந்து 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் சட்டப்படி, வாங்கிய ஊர் எதுவானாலும் நாம் குடியிருக்கிற மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. கொல்லத்தில் கடைசியாக ஒரு கணை வைத்திருந்தார்கள்: நீங்கள் தொழிலுக்கு வாங்கினீர்கள், வீட்டு உபயோகம் இல்லை, அதனால் வாரண்டி பேச முடியாது என்று. வாரண்டி அட்டையில் அப்படி எங்குமே இல்லை. வக்கீல் சிரித்தார். சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டும் வாங்குகிறவனைச் சட்டம் வியாபாரக் கணக்கில் சேர்க்கவில்லையாம், அவனும் நுகர்வோர்தான். ஆன்லைனில் வாங்கியதற்கும் விதி இருக்கிறது: புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்தில் பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. அக்கா மகனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் பெட்டியையே தூக்கிப் போட்டுவிட்டானாம்.

வழக்கு வரைக்கும் நான் போகவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணுக்குப் பேசினேன். தமிழில் பேசினார்கள், புகார் எண் கொடுத்தார்கள். நாலு நாளில் அதே கம்பெனியிலிருந்து, அதே பேட்டரிக்கு, பார்ட்ஸ் வந்துவிட்டது என்று போன். எங்கிருந்து வந்ததோ! மொத்தம் 63 நாள். மாற்றுப் பேட்டரியைக் கையில் வாங்கிக் கொண்டு, இதற்கு வாரண்டி எத்தனை நாள் என்று கேட்டேன். பழைய பில் தேதியிலிருந்துதான் கணக்கு என்றார்கள். 19 நாள் மிச்சம். அவர்கள் மேசைக்கடியில் கிடந்த இரண்டு மாதமும் என் வாரண்டியில் கழிந்துவிட்டது.

ஒயர் இல்லாத கருவியை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கரண்ட் இல்லாத புது வீட்டில், மூன்றாவது மாடிச் சாரத்தில் அதற்கு ஈடில்லை. ஆனால் அடுத்த முறை அந்தக் கட்டுரையாளர் கம்பெனிக்காரர்களைப் பார்த்தால் எனக்காக இரண்டு கேள்வி கேட்கட்டும். புனலூர் பில்லைத் திருநெல்வேலியில் எடுக்க என்ன தடை? பழுது பார்க்க வைத்திருக்கிற நாட்களை வாரண்டியில் கூட்டிக் கொடுத்தால் என்ன? பதில் வந்தால் உங்கள் இதழிலேயே போடுங்கள், நான் வெட்டி எடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தச்சுத் தொழிலாளி ஒருவர்,
செங்கோட்டை

(என் பெயரைப் போட வேண்டாம். புனலூர்க் கடைக்காரர் நல்ல மனுஷர், நாளைக்கும் அவரிடம்தான் ஸ்க்ரூ வாங்க வேண்டும்.)