கீசர் விதியை மாற்றியது நான்தான்

சாட்ஸ்வொர்த், டர்பன்
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டிப்பயல் எல்லோரும் நலமாக இருக்க மாரியம்மன் துணை.

கீசரையும் விளக்கையும் எப்போது போட வேண்டும், எப்போது அணைக்க வேண்டும் என்று நீ எழுதிய வீட்டு விதிகளை யார் மாற்றியது, யாராவது ஹேக் செய்துவிட்டார்களா என்று நீ வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் கேட்டதற்குத் தமிழில் பதில் எழுதுகிறேன். கோயில் மண்டபத்துச் சனிக்கிழமை வகுப்பில் உன்னை உட்காரவைத்து அ, ஆ எழுதவைத்தது வீண் போகக்கூடாது. மெதுவாகப் படி. புரியாத சொல் வந்தால் போன் போடு.

ஆமாம், வீட்டு விதிகளை மாற்றியது நான்தான். யாரும் ஹேக் செய்யவில்லை. டிசம்பரில் வந்து இரண்டு வாரம் ஏணியும் கையுமாக நின்று கீசர், விளக்கு, தண்ணீர் பம்ப், கேட் எல்லாவற்றையும், விதிப்படி அவற்றைத் தானாகப் போட்டு அணைக்கும் அந்தச் சின்னப் பெட்டியோடு இணைத்துவிட்டுப் போனாய். வேலை சுத்தம். வீட்டுக்குக் கரண்ட் பிரியும் டீபி போர்டுக்குள் நீ ஒயர் கட்டியிருந்த அழகை அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் விதிகளை நீ ஆக்லாந்து வீட்டை மனதில் வைத்து எழுதியிருக்கிறாய். கரண்ட் போய்ப் போய் வரும் வீட்டுக்கு அவை சரிப்படவில்லை.

கோயிலில் கூழ் ஊற்றிய ஞாயிறன்று நடந்ததைக் கேள். இங்கத்துப் பிள்ளைகளுக்கு அது போரிட்ஜ் பிரேயர், உனக்குத் தெரியும். ஐந்தரைக்கெல்லாம் அம்மா தலைக்குக் குளித்துவிட்டுப் பானையோடு கிளம்ப வேண்டும். முந்தின இரவு மூன்றரை மணிக்குத் தெருவில் கரண்ட் போயிருக்கிறது. ஏதோ கேபிள் கோளாறு. ஐந்து மணிக்குத்தான் திரும்பியது. குழாயைத் திறந்தால் பனிக்கட்டித் தண்ணீர். குளிர்காலக் காலையில் அம்மா அதில்தான் குளித்தாள். குளித்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் பேசவில்லை.

உன் விதி என்ன சொல்கிறது? “காலை 4:00 மணி ஆனால் கீசரைப் போடு.” நாலு மணி அடித்தபோது பெட்டியே செத்துக் கிடந்தது. ஐந்து மணிக்கு அது கண் விழித்தபோது நாலு மணி போய்விட்டது. அடுத்த நாலு மணி மறுநாள்தான். பெட்டி மேல் தப்பே இல்லை, சொன்னதைத்தான் செய்தது. நாம் கேட்ட கேள்விதான் தப்பு. “நாலு மணி ஆகிவிட்டதா?” என்று கேட்டால் அது ஒரு நொடிக்குத்தான் உண்மை. “நாலுக்கும் ஆறரைக்கும் நடுவில் இருக்கிறோமா, தண்ணீர் இன்னும் சூடாகவில்லையா?” என்று கேட்டால் எப்போது கேட்டாலும் சரியான பதில் வரும்.

அதனால் ட்ரிகரை, அதாவது விதியைத் தூண்டிவிடுவதை, மூன்றாக்கினேன். நாலு மணி ஒன்று. பெட்டி புதிதாக எழுந்திருப்பது ஒன்று. கீசரின் சுவிட்ச் மறுபடி தொடர்புக்கு வருவது ஒன்று. எது தூண்டினாலும் நிபந்தனை ஒன்றுதான்: நேரம் அந்த இடைவெளிக்குள் இருக்க வேண்டும், தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் போதும் என்று நீ வைத்திருந்ததும் இழுபறிதான். நம் கீசர் 150 லிட்டர், எலிமென்ட் 3 கிலோவாட். 20 டிகிரித் தண்ணீரை 60-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 7 யூனிட் வேண்டும். அதாவது இரண்டே கால் மணிக்கு மேல். பேப்பரில் போட்டுப் பார், வரும்.

இன்னொன்றும் சேர்த்தேன், கரண்ட் வந்ததும் உடனே போடாமல் ஐந்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் ஏதோ ஒரு கணக்கில் தாமதிக்கும்படி. தெருவில் எல்லா வீட்டுக் கீசரும் ஒரே நொடியில் இழுத்தால் அப்போதுதான் வந்த லைன் மறுபடி விழும். 2007-08-இல் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து மின்வெட்டு, வந்த நாள் முதல், அது உச்சத்துக்குப் போன 2023 வரை, நம் ஊர் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

நான் சர்க்கரை ஆலையில் முப்பத்தொரு வருஷம் ரிலே பேனலோடு குப்பை கொட்டியவன் என்பதை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. உன் ட்ரிகரும் கண்டிஷனும் எனக்குப் புதிதில்லை, பெயர்தான் புதிது. கரும்பு ஏற்றும் கன்வேயரில் கரண்ட் போனால், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டர் விழுந்துவிடும். கரண்ட் திரும்பினாலும் தானாக ஓடாது. ஒரு ஆள் நடந்துபோய்ப் பார்த்து, பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் ஓடும். ஏனென்றால் அந்த இடைவெளியில் யாராவது பெல்ட்டில் கை வைத்திருக்கலாம். ஆனால் குளிர்நீர் பம்ப் அப்படியில்லை, அது தானாக எழுந்தே ஆக வேண்டும். ஆக ஒவ்வொரு மோட்டாருக்கும் முதலில் கேட்கும் கேள்வி, “கரண்ட் போய்த் திரும்பினால் நீ என்ன செய்வாய்?” என்பதுதான்.

நம் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அம்மாவின் அறை ஹீட்டர் மாட்டியிருக்கும் ஸ்மார்ட் பிளக்கில் “முன்பிருந்த நிலைக்குத் திரும்பு” என்று இருந்தது. ஹீட்டர் எரியும்போது கரண்ட் போகிறது, நாங்கள் கடைக்குப் போகிறோம், போர்வை ஒன்று அதன் மேல் சரிகிறது, கரண்ட் வருகிறது. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அதை “அணைந்தே இரு” என்று மாற்றிவிட்டேன். துணி இஸ்திரிப் பிளக்குக்கும் அப்படியே. மாப்பிள்ளையிடம் சொல்லி உங்கள் வீட்டிலும் பார்க்கச் சொல்.

கேட் விஷயம் சின்னது. கரண்ட் வந்தபோதெல்லாம் “கேட் திறந்தது” என்று உனக்குச் செய்தி வந்ததல்லவா? யாரும் திறக்கவில்லை. சென்சார் தொடர்பு அறுந்து திரும்பும்போது “தெரியாது” என்பதிலிருந்து “திறந்திருக்கிறது” என்று மாறும். பகலில் நாங்கள் கேட்டைச் சாத்துவதில்லை. “மூடியிருந்து திறந்தால்” என்று இரண்டு பக்கமும் எழுதியபின் சத்தமில்லை.

தொட்டியிலிருந்து தண்ணீரை இழுக்கும் பம்ப் கதையும் அப்படித்தான். தொட்டி 20 சதவீதத்துக்குக் கீழே போனால் நிறுத்து, மேலே வந்தால் ஓட்டு என்று வைத்தாய். பம்ப் நின்றால் தண்ணீர் ஆடி அசைந்து 21 காட்டும், ஓடினால் 19. இரவெல்லாம் டக், டக் என்று கான்டாக்டர் அடித்துக்கொண்டிருந்தது. இப்போது 20-இல் நிற்கும், 35 வந்தால்தான் மறுபடி ஓடும்.

சாமி அறை விளக்குதான் பெரிய கூத்து. “இரண்டு நிமிடம் அசைவில்லை என்றால் அணை” என்று வைத்திருந்தாய். அந்த சென்சார் உடம்புச் சூடு நகர்வதைத்தான் பார்க்கும், ஆள் இருப்பதைப் பார்க்காது. அம்மா கண்ணை மூடி உட்கார்ந்து தேவாரம் சொல்லும்போது அவள் எங்கே அசைவாள்? பாதிப் பதிகத்தில் இருட்டு. ஏப்ரல் வரைக்கும் அம்மா ஒரு கையால் ஜெபமாலை உருட்டி, மறு கையைத் தலைக்கு மேல் ஆட்டி ஆட்டித்தான் சாமி கும்பிட்டாள். பின்வாசலிலோ நேரெதிர். குரங்குக் கூட்டம் குப்பைத் தொட்டிக்கு வரும்போதெல்லாம் தீபாவளி வெளிச்சம். பின்வாசல் சென்சாரைப் பகலில் காது கேளாததாக்கினேன், பொழுது சாய்ந்தபின்தான் அது வேலை செய்யும். சாமி அறை விதியை அழித்தேவிட்டேன். அங்கே சுவரில் சுவிட்ச் இருக்கிறது, அம்மாவுக்குக் கை இருக்கிறது.

முன்வாசல் விளக்கை ஆறு மணியிலிருந்து கழற்றி, சூரியன் மறைவதோடு சேர்த்துவிட்டேன். இங்கே ஜூனில் ஐந்து மணி தாண்டியதுமே இருட்டிவிடும், ஜனவரியில் ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

இனி நீ கோபப்படப்போகிற விஷயத்துக்கு வருகிறேன்.

“காலை எட்டு மணிவரை சமையலறையில் அசைவில்லை என்றால் எனக்குச் செய்தி அனுப்பு.” இந்த விதியை நீ எங்களிடம் சொல்லாமலே எழுதினாய். போன வருஷம் அம்மா குளியலறையில் விழுந்ததற்கு அப்புறம் உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் தைப்பூசத்தன்று நாங்கள் நாலு மணிக்கே காவடிக்குக் கிளம்பிவிட்டோம். இங்கே எட்டு மணி ஆனதும், உனக்கு அங்கே கோடைக்காலக் கணக்கில் மாலை ஏழு மணி, செய்தி வந்திருக்கிறது. நாங்கள் இருவரும் போனைக் காரில் வைத்துவிட்டு வரிசையில் நிற்கிறோம். நீ எதிர் வீட்டு மாமிக்குப் போன் போட்டாய். அவர் மகன் கேட் ஏறிக் குதித்து முழங்காலைக் கிழித்துக்கொண்டான். நாங்கள் திருநீறும் பிரசாதமுமாக வந்து இறங்கினால் வாசலில் எட்டுப் பேர். மாமி அழுதுகொண்டிருந்தார். அம்மா அவரைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது.

மார்ச்சில் இன்னொரு தடவை. அன்றைக்கு நாங்கள் வீட்டில்தான் இருந்தோம், சென்சாரின் காசு மாதிரி பேட்டரிதான் தீர்ந்திருந்தது. சேதி வரவில்லை என்பதை ஆள் அசையவில்லை என்று படித்துக்கொண்டது உன் விதி.

அதை நான் அழிக்கவில்லை. அழித்தால் நீ தூங்கமாட்டாய். திருத்தினேன். சாட்சி ஒன்று போதாது என்று மூன்றாக்கினேன்: சமையலறை அசைவு, பிரிட்ஜ் கதவு, கெட்டில் பிளக் இழுக்கும் கரண்ட். சென்சார் பதிலே சொல்லவில்லை என்றால் அது தனிச் செய்தி, “பேட்டரி பார்” என்று எனக்கு மட்டும் வரும். மூன்றும் சும்மா இருந்தால் பெட்டி முதலில் எங்களைத்தான் கேட்கும். ஸ்பீக்கரில் உன் குரலைப் பதிந்து வைத்திருக்கிறேன், “அப்பா, எழுந்தாச்சா?” என்று. எந்த சுவிட்சைத் தட்டினாலும் பதில் சொன்னதாகக் கணக்கு. பதினைந்து நிமிடம் பதில் இல்லாவிட்டால்தான் உனக்குச் செய்தி வரும். மாமி அதற்கும் அப்புறம்.

முன்கதவுக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் வைத்திருக்கிறேன். நாங்கள் வெளியே கிளம்பும்போது அமுக்கினால் இந்த விதி உறங்கிவிடும். எங்கே போகிறோம் என்று அது உனக்குச் சொல்லாது. வீட்டில் கண்காணிக்கிற ஆளாக இருந்துதான் எனக்குப் பழக்கம். கண்காணிக்கப்படுகிற ஆளாக இருக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

இதில் நான் எங்கேயாவது கோட்டை விட்டிருந்தால் சொல், கேட்டுக்கொள்கிறேன். முக்கியமாக எங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் அந்தப் பதினைந்து நிமிடம். பெட்டி நடுவில் ஒரு தடவை அணைந்து எழுந்தால் அந்தக் கணக்கு மறந்துபோகிறது. அதற்கு வழி எனக்குப் பிடிபடவில்லை. நீதான் பார்க்க வேண்டும்.

அப்புறம், உன்னைக் கேட்காமல் நானும் ஒரு விதி எழுதியிருக்கிறேன். காலையில் கெட்டில் பிளக் 1000 வாட்டைத் தாண்டினால் உன் போனுக்கு ஒரு வரி வரும்: “தண்ணீர் வைத்தாச்சு.” அநேகமாக ஐந்து பத்துக்கு, உனக்கு அங்கே பிற்பகல் மூன்று பத்து. அதைப் பார்த்ததும் போன் போடாதே. அம்மா டீ குடித்து முடிக்கட்டும்.

அப்பா