கிளட்ச் மாற்றும் கூலிக்கு விவரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்து வருடப் பழைய சின்ன எஸ்யூவி ஒன்றை வாங்கி, கோபியிலிருந்து மாதம் இரண்டு முறை திம்பம் மலைப்பாதையில் ஏறித் தாளவாடி போய்வருகிறேன். 27 கொண்டை ஊசி வளைவுகள், முன்னால் லாரி, கிளட்ச் பெடலைப் பாதி மிதித்தபடியே ஊர்ந்து ஏறினால் கிளட்ச் பிளேட் தேயாமல் என்ன செய்யும்? இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி வேகம் எடுக்கவில்லை என்றால் அதுதான் அறிகுறி. பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்ததும் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், ஏனென்றால் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியே பெரிய செலவு, ஒன்றை விட்டுவைத்தால் அதே கூலியை மறுபடியும் அழ வேண்டும்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் இந்த வேலைக்கு 32,000 ரூபாய் கேட்டார்கள், துண்டுச்சீட்டில் மொத்தத் தொகை மட்டும்தான் இருந்தது. இன்னொரு மெக்கானிக் கழற்றிய பாகங்களைக் கையில் கொடுத்து 18,500 ரூபாய்க்கு பில் போட்டார்.

பாகத்துக்குத் தனி, கூலிக்குத் தனி என்று எல்லா ஒர்க்‌ஷாப்காரர்களும் எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்