பேத்திக்குத் தேன் இப்போது வேண்டாம்

அன்புள்ள செல்விக்கு,

உன் பேத்தி குப்புற விழத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நீ கேட்ட சாமான்களைப் பார்சலில் போட்டிருக்கிறேன். ஆனால் குழந்தைக்கென்று கேட்ட சிறுதேன் அதில் இருக்காது.

மார்த்தாண்டத்தில் நான் வழக்கமாகப் போகிற இயற்கை அங்காடி உனக்குத் தெரியாது, நீ கோயம்புத்தூர் போன பிறகு வந்தது. ஒரு அக்கா தனியாக நடத்துகிறார். சின்ன கடைதான். தேன் கேட்டதும், "யாருக்கு? பிள்ளைக்கு எத்தனை மாசம்?" என்றார். சொன்னேன். "ஒரு வயசு திகையட்டும், அப்புறம் தாறேன்" என்று பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். எவ்வளவு சுத்தமான தேனிலும் ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கலாம். நமக்கு ஒன்றும் செய்யாது, கைக்குழந்தையின் குடலில் மட்டும் முளைத்து நஞ்சாகிவிடும். குழந்தை மருத்துவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டு வைப்பது நம் வழக்கம் என்று உன் சம்பந்தி சொன்னாலும் விட்டுக்கொடுக்காதே.

அதற்குப் பதில் ஏத்தங்காய்ப் பொடி, அதுதான் நேந்திரங்காய்ப் பொடி, வைத்திருக்கிறேன். காயைத் தோல் சீவி, வெயிலில் காயவைத்துப் பொடித்தது. ஆறு மாதம் முடிந்ததும் ஒரு ஸ்பூன் பொடியைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, குறைந்த தீயில் கிண்டிக் கொடு. இனிப்பு எதுவும் சேர்க்காதே.

உங்களுக்கு என்று ஒரு பாட்டில் ரப்பர் தேன் உண்டு. மாசி, பங்குனியில் ரப்பர் மரம் தளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரக்கிற மதுவைத் தேனீக்கள் எடுத்து வைப்பது. நம் தேனின் பெரும்பகுதி இதுதான். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் ஊர்க்காரர்களுக்குப் பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்ததை நம் பெரியவர்கள் சொல்வார்களே. 1990களின் தொடக்கத்தில் நோய் வந்து கூடுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தபோது, எத்தனையோ வீடுகளில் வெறும் பெட்டி மட்டும் மிஞ்சியது. அதிலிருந்து மீண்டு வந்து, 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். சீனி கலந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கொட்டிவிடாதே. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும், அடுப்பில் மட்டும் வைக்காதே.

அண்ணனுக்குக் கருப்பட்டி கேட்டிருந்தாய். சர்க்கரை வியாதிக்காரர் என்று சொன்னதும் அக்கா நேராகவே, "கருப்பட்டியும் ரத்தத்துல சர்க்கரையை ஏத்தும், நல்லதுன்னு நெனச்சு கூடுதலா குடிச்சிரப்பிடாது" என்றார். வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று இப்படிச் சொல்கிறவரைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! வேறு கடைகளில் 'ஆர்கானிக்' என்று பச்சை எழுத்தில் போட்டு எல்லா நோய்க்கும் மருந்து போல விற்கிறார்கள். எந்த ஊர், யார் காய்ச்சியது என்று கேட்டால் பதில் இருக்காது. இவரிடம் அக்கானி, அதாவது கருப்பட்டி காய்ச்சும் பதநீர், இறக்கும் காலம் முடிந்து, வாங்கி வைத்த சரக்கும் தீர்ந்துவிட்டால், "இனி அடுத்த வருசம்தான்" என்பார். அதனால்தான் நான் அங்கேயே போகிறேன். உனக்கு மட்டும் கொஞ்சம் கருப்பட்டி போட்டிருக்கிறேன், அண்ணன் கண்ணில் படாமல் வை.

நம் மாவட்டத்து மாறாமலையில் விளைந்த கிராம்பு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. வாசனையைப் பார், வேறு கிராம்பு வாங்க மனசு வராது. நம் ஊர் மட்டி வாழைப்பழம் அனுப்ப முடியவில்லை, வழியிலேயே கனிந்து உதிர்ந்துவிடும். லீவுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, குலையோடு வாங்கி வைக்கிறேன். பார்சல் கிடைத்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
ராணி