மானா எபிலிட்டி எது என்று கார்டிலேயே சொல்லுங்கள்

மேஜிக்: தி கேதரிங் கார்டு ஆட்டத்தின் விதிகளை எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். கார்டுகளைப் போடக் கொடுக்கும் விலைதான் மானா. ஒரு கார்டின் எபிலிட்டி (அது செய்யும் வேலை) எப்போது மானா எபிலிட்டி ஆகும் என்று சொல்லும் 605-ஆம் விதியை உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. டார்கெட் (குறிவைக்கும் இலக்கு) கேட்கக் கூடாது, மானா தரக்கூடியதாக இருக்க வேண்டும், பிளேன்ஸ்வாக்கர் கார்டுகளில் வரும் லாயல்டி எபிலிட்டியாக இருக்கக் கூடாது. ஆடுபவரே இயக்கும் எபிலிட்டிக்கு மூன்றும் பொருந்தினால் அது மானா எபிலிட்டி. ஸ்டாக்குக்கு (போட்டவை நிறைவேறக் காத்திருக்கும் அடுக்குக்கு) போகாது, எதிராளி குறுக்கே எதுவும் ஆட முடியாது. விதியில் குழப்பமே இல்லை. ஆனால் அந்தத் தெளிவு விதிப்புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. கையில் இருக்கும் கார்டில் அதன் சுவடே கிடையாது. மேசைக்கு மேசை ஒரே தகராறு திரும்பத் திரும்ப வருவதால்தான் இந்த மடல். மானா எபிலிட்டி எது என்பதைக் கார்டிலேயே ஒரு குறி போட்டுக் காட்டுங்கள் என்பதே கோரிக்கை.

குரோமாட்டிக் ஸ்பியர், குரோமாட்டிக் ஸ்டார் என்ற இரு கார்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் விலை 1 மானா. இன்னொரு 1 மானா கொடுத்து, டேப் செய்து (பக்கவாட்டில் திருப்பி), கார்டைக் கல்லறைக்குப் பலி கொடுத்தால் விரும்பிய நிறத்தில் 1 மானா வரும். ஒரு கார்டும் கைக்கு வரும். புதிதாக ஆடுபவர் இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பதில் தப்பே இல்லை.

ஸ்பியரில் கார்டு எடுப்பது மானா எபிலிட்டிக்குள்ளேயே அடக்கம். ஒரு ஸ்பெல்லை (போடும் கார்டை) அறிவித்து ஸ்டாக்கில் வைத்த பிறகு, மானா எடுக்கும் 601.2g படியில் விலைக்காக ஸ்பியரைப் பலி கொடுத்தால், எடுத்த கார்டை உடனே பார்க்கக் கூடாது. ஸ்பெல்லைப் போட்டு முடிக்கும்வரை அது கவிழ்ந்தே கிடக்க வேண்டும். ஸ்டாரில் அப்படி இல்லை. அது கல்லறைக்குப் போனதும் தானாகக் கிளம்பும் எபிலிட்டி, அதாவது டிரிகர்தான் கார்டு தருகிறது. ஸ்பெல்லைப் போட்டு முடித்த பிறகு டிரிகர் அதற்கு மேலே ஸ்டாக்கில் ஏறும். எதிராளி ஸ்டைஃபிள் என்ற கார்டைப் போட்டு அதைத் தடுக்கலாம். எதிராளியே ஸ்டாரை உடைத்தாலும் கார்டு கிடைக்கும்; ஸ்பியரை உடைத்தால் ஒன்றும் கிடைக்காது.

வேகமாக ஆடுபவர் டேப் செய்த கையோடு கார்டையும் உருவிப் பார்த்துவிடுவார். ஸ்டார் பழக்கத்தில் ஸ்பியரை ஆடினால், பார்க்கக் கூடாத கார்டைப் பார்த்ததாகிவிடும். பார்த்ததை எப்படி மறக்கச் சொல்வது? ஜட்ஜை அழைக்க வேண்டும், ஆட்டம் நிற்கும். ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லாதவர் முகம் சிவந்து உட்கார்ந்திருப்பார். இதைத் தடுக்க ஒரு சின்னக் குறி போதும்.

டெத்ரைட் ஷாமன் என்ற கார்டிலும் இதே கதைதான். லானோவர் எல்வ்ஸ் கார்டு போல டேப் செய்தால் மானா வரும் என்று நம்பி ஸ்பெல்லை அறிவித்துவிடுகிறார்கள். அதன் முதல் எபிலிட்டி கல்லறையில் உள்ள ஒரு லேண்டை (நிலக் கார்டை) டார்கெட் செய்கிறது. ஆகவே அது மானா எபிலிட்டி அல்ல. ஸ்பெல்லைப் போடும் நடுவில் அதைத் தொடவே முடியாது. முன்னதாகவே இயக்கி, ஸ்டாக்கில் அது முடிந்து, வந்த மானாவை அந்தக் கட்டம் முடிவதற்குள் செலவழிக்க வேண்டும். இடையில் எதிராளி அந்த லேண்டைக் கல்லறையிலிருந்து அகற்றிவிட்டால் மானாவும் போச்சு.

குறி போட இடமில்லை என்று சொல்லாதீர்கள். பலி கொடுத்தால் மானா தரும் ட்ரெஷர் டோக்கனை உருவாக்கும் கார்டுகளில், அது என்ன செய்யும் என்ற, எல்லோருக்கும் தெரிந்த வரியை 2017 முதல் அடைப்புக்குறிக்குள் அச்சிட்டு வருகிறீர்கள். இதைவிட முக்கியமானது, இந்த வசதி முன்பு இருந்தது என்பது. 1997-இல் வந்த டெம்பெஸ்ட் தொகுப்பின் லோட்டஸ் பெட்டல் கார்டில், இந்த எபிலிட்டியை மானா சோர்ஸாக ஆடவும் என்று கார்டிலேயே எழுதியிருந்தீர்கள். 1999-இல் ஆறாம் பதிப்பு விதிகளோடு அதை எடுத்துவிட்டீர்கள். பதிலுக்கு எதையும் வைக்கவில்லை.

எடுத்ததன் விளைவு பழைய கார்டுகளில் இன்னும் மோசம். மானா தரும் டார்க் ரிச்சுவல் கார்டின் வகை முதலில் இன்டரப்ட், பிறகு மானா சோர்ஸ், இப்போது இன்ஸ்டன்ட் (எதிராளியின் முறையிலும் போடக்கூடியது). மூன்று அச்சும் இன்றும் டெக்குகளில் இருக்கின்றன. 1996-இன் லயன்ஸ் ஐ டயமண்டில் மானா சோர்ஸ் என்றே அச்சாகியிருக்கிறது. ஆனால் இன்ஸ்டன்ட் போடக்கூடிய நேரத்தில் மட்டுமே இயக்கலாம் என்பது இன்றைய ஓரக்கிள் வாசகம், அதாவது அதிகாரபூர்வமான வாசகம். கையிலுள்ள ஸ்பெல்லை அறிவித்துவிட்டு, கையில் மிச்சமுள்ள கார்டுகளைத் தள்ளி 3 மானா எடுப்பதைத் தடுக்கத்தான் அந்தக் கட்டுப்பாடு, நியாயமானதே. ஆனால் ரிசர்வ்டு லிஸ்டில் இருக்கும் கார்டு மறுபடி அச்சாகாது. காசு கொடுத்து வாங்கியவர் படிக்கும் வரி என்றைக்கும் தப்பாகவே இருக்கப்போகிறது. இதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எத்தனை காலம்தான் சொல்வீர்கள்?

கோபத்தில் எழுதவில்லை, ஆட்டத்தின் மீதுள்ள பற்றால்தான் கேட்கிறோம். தயவுசெய்து, இனி அச்சாகும் கார்டுகளில் மானா எபிலிட்டிக்கு முன்னால் ஒரு குறி போடுங்கள். பேசிக் லேண்டுகளுக்கு வேண்டாம். டெத்ரைட் போல மானா தந்தும் ஸ்டாக்குக்குப் போகிறவற்றுக்கு அடைப்புக்குறிக்குள் ஒரு நினைவூட்டல் வரி சேருங்கள். மறு அச்சு காணாத கார்டுகளுக்கு கேதரர் என்ற உங்கள் கார்டுத் தகவல் தளத்தில் அதே குறியைச் சேர்த்தால் போதும். விதியில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

இப்படிக்கு,
மேசையில் இந்த வழக்குகளைத் தீர்த்துவைக்கும் ஆட்டக்காரர்கள்