முதலில் வாசி, அப்புறம் எண்ணு

அன்புள்ள அம்முவுக்கு,

எல்லோரும் சுகம். அத்தை வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது. மற்றதை அம்மா போனில் சொல்வாள், நீ எடுத்தால்.

நீ அனுப்பிய அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். இசையமைப்பாளர் ஷோன்பெர்க் 1909-இல் எழுதிய பியானோ இசை, ஓபஸ் 11, முதல் பீஸ். தொடங்கும் மூன்று ஸ்வரங்கள் பி, ஜி ஷார்ப், ஜி. ஏறுவரிசையில் அடுக்கி, ஜி-யை 0 என்று வைத்து, அரை ஸ்வரத்துக்கு ஒன்று என்று எண்ணினால் 0, 1, 4. இசைக் கோட்பாட்டாளர் ஆலன் ஃபோர்ட் 1973-இல் வந்த புத்தகத்தில் இதற்கு 3-3 என்று பெயர் வைத்தார், அதாவது மூன்று ஸ்வரக் கூட்டங்களின் பட்டியலில் மூன்றாவது. ஆதார சுருதியே இல்லாத இசையில் எது எதற்கு உறவு என்று பார்க்க இப்படி ஒரு கணக்கு வேண்டியதுதான். அதை நீ விளக்கிய விதத்தை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். நம் வீட்டில் வேறு யாருக்கு இப்படி எழுத வரும்!

ஆனால் எட்டாம் பக்கம் எனக்கு ஒப்பவில்லை. மெட்டிலிருந்து இரண்டு ஸ்வரம், இடது கையில் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் கார்டிலிருந்து ஒன்று என்று பொறுக்கி எடுத்து, இதோ 0, 1, 4 என்கிறாய். தேடினால் எங்கேயும் கிடைக்கும். நான் வாசித்துப் பார்த்தேன், கேட்கவில்லை. எதையெல்லாம் ஒன்றாகச் சேர்ப்பது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். ஏறும் இடைவெளியை இறங்குவதாக்கித் தலைகீழாகத் திருப்பினாலும் ஒரே கூட்டம் என்பது ஃபோர்ட் கணக்கு. அதன்படி மேஜர் கார்டும் மைனர் கார்டும் ஒன்றுதான், இரண்டும் 3-11. மைனர் வாசித்தாலே என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாயே, உனக்கா இரண்டும் ஒன்று?

அதனால் முதலில் வாசி. அப்புறம் எண்ணு. தினமும் அரை மணி நேரமாவது வாசி. தம்பிக்கு அனுப்பிய போட்டோவில் ஜன்னலோரம் அட்டைப்பெட்டிகள்தான் இருந்தன. கீபோர்டு உள்ளறையில் இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பணம் ஏதாவது வேண்டுமானால் எனக்குத் தனியாக எழுது, அவளுக்குத் தெரிய வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு.

முதல் மூன்று பாரை வாசித்து, போனில் பதிவு செய்து அனுப்பு. மிதமான வேகம் என்றுதான் ஷோன்பெர்க்கே போட்டிருக்கிறார், அவசரப்படாதே. தப்பு வந்தாலும் பரவாயில்லை, அனுப்பு.

அப்பா